வைரஸ் எழுதுகிறவனுக்கு என்னதான் கிடைக்கிறது?

தூங்காதவன்:
இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. மனைவியின் மடிக்கணினியில் ஏதோ புகுந்துவிட்டது. பிரவுசரைத் திறந்தால் விளம்பரமாகக் கொட்டியது. அவள் மெயிலிலிருந்து அவள் அனுப்பாத மெயில்கள் வேறு போயிருக்கின்றன. கடைசியில் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். பேக்கப் இருந்ததால் போட்டோக்கள் பிழைத்தன.

கோபம் தணிந்த பிறகும் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருக்கிறது. இதை எழுத ஒருவன் மண்டையை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எங்களை அவனுக்குத் தெரியவே தெரியாது. அவனுக்கு இதில் என்ன கிடைத்தது? ஸ்பாம் இன்னும் மோசம். வரிக்கு வரி எழுத்துப்பிழையோடு வரும் மாத்திரை விளம்பரத்தைப் பார்த்து யாராவது காசு கொடுப்பார்களா?

ஒற்றைக்கண்:
ஆன்டிவைரஸ் கம்பெனிக்காரர்களே எழுதி விடுகிறார்கள். அவர்களுக்கு வியாபாரம் நடக்க வேண்டாமா? இதற்குப் போய் ஒரு கேள்வி.

பழைய போஸ்ட்மாஸ்டர்:
ஒற்றைக்கண், இந்தக் கதையை நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறேன். பிடிபட்டவர்களின் பட்டியலைப் பார்த்தால் மாணவர்கள், வேலையில் இருக்கும் புரோகிராமர்கள், அப்புறம் தொழில்முறைத் திருடர்கள். அந்தக் கம்பெனிக்காரர்களை அங்கே காணோம்.

தூங்காதவன், நான் பல வருடம் மெயில் சர்வர் பார்த்துக்கொண்டவன். முதன்முதலில் பார்த்த வைரஸ் கேஸ்கேட். திரையில் இருக்கும் எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து கீழே போய்க் குவியும். எனக்குப் பயம் வரவில்லை, ரசித்தேன். அந்தக் காலத்து ஆட்களுக்கு வேண்டியிருந்தது அதுதான், யாராவது பார்க்க வேண்டும். 1982-இல் எல்க் குளோனரை எழுதியவன் 15 வயதுப் பையன். ஆப்பிள் கணினியில் அது ஏறிய ஃபிளாப்பியைப் போட்டால் ஐம்பதாவது முறை ஒரு கவிதை வரும், அவ்வளவுதான். 1986-இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸுக்குள் அவர்களுடைய பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாம் இருந்தன. திருடுகிறவன் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டுப் போவானா? தங்கள் மென்பொருளை யாரும் திருட்டுத்தனமாகக் காப்பி எடுக்கக் கூடாது என்பதற்காக எழுதினோம் என்றார்கள்.

ராபர்ட் மோரிஸ் கதையும் ஏறக்குறைய இதே ரகம். 1988 நவம்பரில், மாணவராக இருந்தபோது, இணையத்தில் ஒரு புழுவை, அதாவது கணினிக்குக் கணினி தானாகவே பரவும் நிரலை, விட்டார். ஒரு கணினிக்குள் ஏற்கெனவே அது இருந்தாலும், ஏழு தடவைக்கு ஒரு தடவை மறுபடியும் நுழையும்படி வைத்திருந்தார். அந்த ஏழு என்ற எண்தான் கவிழ்த்தது. பிரதிகள் பெருகிப் பெருகி இயந்திரங்கள் மூச்சுத் திணறி நின்றன. நீதிமன்றம் தண்டித்தது. பிற்பாடு எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார்.

காசு ஆசை அப்போதும் இருந்தது, வசூலிக்கத்தான் வழி இல்லை. 1989-இல் ஒருவர் எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று சொல்லி ஃபிளாப்பிகளைத் தபாலில் அனுப்பினார். போட்டவர்களின் கணினி கொஞ்ச நாளில் முடங்கியது. விடுவிக்க 189 டாலரைப் பனாமாவில் உள்ள ஒரு தபால் பெட்டிக்கு அனுப்ப வேண்டுமாம். தபால் பெட்டியை வைத்துக்கொண்டு எத்தனை பேரிடம் வசூலிப்பது? பிட்காயின் வந்ததும் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. 2017-இல் கணினிகளைப் பூட்டிவைத்த வான்னாக்ரை 300 டாலர் கேட்டது அதில்தான்.

உங்கள் மாத்திரை விளம்பரத்துக்கு வருகிறேன். 2008-இல் கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் ஸ்டார்ம் என்ற பாட்நெட்டின், அதாவது சொந்தக்காரருக்கே தெரியாமல் கைப்பற்றி ஆட்டிவைக்கும் கணினிக் கூட்டத்தின், ஒரு பகுதிக்குள் நுழைந்து கணக்கெடுத்தார்கள். ஏறக்குறைய 35 கோடி மெயில். வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். சிரிப்பு வருகிறதா? அனுப்பியவனுக்குச் செலவு என்ன என்று யோசியுங்கள். கணினி உங்களுடையது, மின்சாரம் உங்களுடையது, கெட்ட பெயரும் உங்களுடையது. 28 பேர் போதும்.

தூங்காதவன்:
சார், அவள் கணினியில் திருட என்ன இருக்கிறது? சமையல் குறிப்பும் குழந்தை போட்டோவும்தான்.

பழைய போஸ்ட்மாஸ்டர்:
அவனுக்குப் போட்டோ எதற்கு? அவள் முகவரியிலிருந்து போகும் மெயிலை மற்றவர்கள் நம்பித் திறப்பார்கள், அதுதான் சரக்கு. எங்கள் ஆபீஸில் ஒருவர் பாஸ்வேர்டைப் பறிகொடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியே போகக் காத்திருக்கும் மெயில் கியூவைப் பார்த்தால் நாற்பதாயிரம் மெயில் நிற்கிறது, எல்லாம் அவர் பெயரில். நிறுத்துவதற்குள் எங்கள் சர்வர் பிளாக்லிஸ்டில், அதாவது மற்ற சர்வர்கள் மெயில் வாங்க மறுக்கும் பட்டியலில், ஏறிவிட்டது. ஒரு வாரம் நாங்கள் அனுப்பிய பில்கூட யாருக்கும் போகவில்லை. அந்த மனிதர் ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாவம்.

மடக்கு:
எல்லாமே காசு என்று முடித்துவிடாதீர்கள். 2010-இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் குறிவைத்தது ஈரானின் நட்டான்ஸில் இருந்த யுரேனியச் செறிவூட்டும் இயந்திரங்களை. அதில் யாருக்கும் பத்து பைசா வரவில்லை.

பழைய போஸ்ட்மாஸ்டர்:
ஒப்புக்கொள்கிறேன். அரசாங்கங்கள் இறங்கிய பிறகு அது வேறு ஆட்டம். தூங்காதவன், ஒன்று கேட்க மறந்தேன். விண்டோஸை மாற்றினீர்கள் சரி, மெயில் பாஸ்வேர்டை வேறு கணினியிலிருந்து மாற்றினீர்களா? மெயில் செட்டிங்ஸில் ஃபில்டர் பக்கத்தையும் திறந்து பாருங்கள். நீங்கள் போடாத ஃபில்டர் ஏதாவது இருக்கலாம்.

தூங்காதவன்:
பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். ஃபில்டர் ஒன்று இருந்தது சார். அவளுக்கு வரும் பதில்களையெல்லாம் நேராகக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. குப்பையைத் திறந்தால், போய்ச் சேராமல் திரும்பி வந்தவை நூற்றுக்கணக்கில். நடுவில் அவள் சித்தி எழுதியது ஒன்று: "நீ அனுப்பிய லிங்க் திறக்கவே மாட்டேன் என்கிறதும்மா, இன்னொரு தடவை அனுப்பு."