இம்பெல்லர் மாற்றியும் இறங்காத சூடு: முகத்துவாரத்தில் எங்கள் அனுபவம்

படகு இஞ்சின் சூடேறுகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற பதில், "இம்பெல்லரை மாத்து." கடல்தண்ணீர் பம்புக்குள் சுற்றுகிற அந்த ரப்பர் இதழ்ச் சக்கரத்தை நாங்களும் மாற்றினோம். அப்படியும் மூன்று வாரம் அலைந்தோம். அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

படகு என் மாமாவுடையது. 28 அடி, மூன்றரைத் தொன் போட் என்று சொல்வோமே, அந்த வகை. உள்ளே டீசல் இஞ்சின். இஞ்சினைச் சுற்றி ஓடுவது நல்ல தண்ணீர். பம்ப் இழுக்கிற கடல்தண்ணீர் கூலருக்குள் போய் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு, எக்ஸோஸ்ட் வழியாகப் புகையோடு வெளியே விழும்.

ஜூன் மாதம். மழை விட்டு இரண்டு நாள் கடல் அமர்ந்திருந்தது. களனி கங்கை மட்டும் இன்னும் செம்மண் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆற்று வாயெல்லாம் ஆகாயத்தாமரை, பொலித்தீன், தேங்காய் மட்டை. விடியுமுன் புறப்பட்டோம். அரை மணி நேரம் போயிருக்காது, வழக்கமாக 80இல் நிற்கிற சூட்டு மானி ஊசி 95க்குப் போய் அலார்ம் அடித்தது. தெற்கே கொழும்புத் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களின் விளக்கு தெரிந்தது. இஞ்சினை நிறுத்தி, நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தோம்.

கடல்தண்ணீரை வடிக்கிற ஸ்ட்ரெய்னரில் ஒரு பொலித்தீன் துண்டு, அதன்மேல் சேறும் புல்லும். எடுத்துப் போட்டு ஸ்டார்ட் செய்தால் எக்ஸோஸ்டில் தண்ணீர் வந்தது, ஆனால் மெலிந்து வந்தது. கடல் வால்வை மூடிவிட்டு பம்பின் மூடியைக் கழற்றினோம். இம்பெல்லரில் பன்னிரண்டு இதழ். அதில் மூன்று அடியோடு இல்லை. தண்ணீர் இல்லாமல் சுற்றிய ரப்பர் சூட்டில் பிய்ந்திருக்கிறது. கைவசம் இருந்த புதியதைப் போட்டோம், ஊசி இறங்கியது, கரைக்கு வந்துவிட்டோம். பிய்ந்த மூன்று இதழும் எங்கே போயின என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. தவறு அங்கேதான்.

அடுத்த நாளிலிருந்து ஒரு விசித்திரம். மெதுவாகப் போனால் 80. முழு வேகம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் 92. புரொப்பெல்லரில் கயிறு சுற்றியிருக்கிறதா, அடியில் சிப்பி பிடித்திருக்கிறதா என்று தம்பி மூழ்கிப் பார்த்தான். இல்லை. அப்புறம், சூடு ஏறியதும் திறந்து நல்ல தண்ணீரைக் கூலருக்கு விடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். சட்டியில் தண்ணீர் வைத்து, அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு பார்த்தேன். அதில் அச்சிட்டிருந்த சூட்டிலேயே சரியாகத் திறந்தது. தெர்மோஸ்டாட் இல்லாமலே ஓட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. டீசல் இஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடினால் அது வேறு விதத்தில் கெடும்.

கடைசியில் வயதான ஒரு பாஸிடம் (இஞ்சின் மெக்கானிக்) போனோம். அவர் எடுத்த எடுப்பில் கேட்டது, "தண்ணி வருதா எண்டு பார்த்தது சரி தம்பி, எவ்வளவு வருது எண்டு பார்த்தீங்களா?"

பத்து லீட்டர் வாளி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். பம்பிலிருந்து கூலருக்குப் போகிற ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டார். இஞ்சின் ஐடிலில். இருபது விநாடியில் வாளி நிறைந்தது. அதை மாட்டிவிட்டு, கூலரிலிருந்து வெளியே வருகிற ஹோஸைக் கழற்றினார். அதே ஐடில், அதே வாளி, நாற்பது விநாடிக்கு மேல் எடுத்தது. பம்ப் நல்லது, அடைப்பு கூலரில் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. (இந்தச் சோதனையை நீட்டக்கூடாது. தண்ணீர் போகாத எக்ஸோஸ்ட் ஹோஸ் சீக்கிரமே வெந்துவிடும்.)

கூலரின் பக்க மூடியைத் திறந்ததும் மாமா ஒன்றும் பேசவில்லை. தேன்கூடு போல வரிசையாக இருக்கிற சிறு குழாய்களின் வாயில் கறுப்பு ரப்பர் இதழ்கள் அப்பிக்கொண்டிருந்தன. மெதுவாக ஓடும்போது தண்ணீர் ஓரமாக வழிவிட்டுப் போயிருக்கிறது. வேகம் கூடியபோது போதவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. காணாமல் போனது மூன்று, கிடைத்தது நான்கு! நாலாவது கல் போல இறுகி, விளிம்பு வெடித்திருந்தது. மாமா இந்தப் படகை வாங்குவதற்கு முன்பே பிய்ந்தது அது. அதோடு, கூலர் அரிக்காமல் இருக்கப் போடுகிற சிங்க் (துத்தநாகம்) கரைந்து உடைந்த துண்டு ஒன்றும் கிடந்தது.

குழாய்களுக்குள் உப்பும் படிந்திருந்தது. நான் இரும்புக் கம்பியை எடுக்க, பாஸ் கையைப் பிடித்துவிட்டார். கம்பி குழாயைக் கீறும், கீறின இடத்தில் ஓட்டை விழும். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவித் தந்தார். ஒவ்வொரு குழாயாகக் குத்திக் கழுவ ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. புது சிங்கும் மூடிக்கு ஓ-ரிங்கும் உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் வாங்கிப் போட்டோம்.

எல்லாச் சூட்டுக்கும் காரணம் இதுதான் என்று நான் சொல்லவரவில்லை. திக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகத்தில் நிறுத்துகிற நண்பர் ஒருவரின் படகில் ஸ்ட்ரெய்னர் மூடியின் வாஷர் காய்ந்து, பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுத்தது. கண்ணாடி மூடிக்குள் குமிழி ஓடியதை வைத்துத்தான் பிடித்தார். இன்னொருவருக்கு, புகையும் கடல்தண்ணீரும் கலக்கிற வளைகுழாயான எக்ஸோஸ்ட் எல்போ உள்ளே கரியும் உப்பும் சேர்ந்து சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சூடாக இருக்கும்போது நல்ல தண்ணீர் மூடியைத் திறக்காதீர்கள். அந்த பாஸின் வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் இன்னும் வெளுத்துச் சுருங்கியே இருக்கிறது.

இப்போது முழு வேகத்தில் ஊசி 82. மாமா ஒவ்வொரு முறையும் அதை இஞ்சின் பெட்டி மூடியின் உட்புறத்தில் சோக்கால் எழுதி வைக்கிறார். எங்கள் எல்போவை இன்னும் கழற்றவில்லை. அடுத்த சோழகத்துக்கு (தென்மேற்குக் காற்றுக் காலம்) படகைக் கரையேற்றும்போது அதையும் திறந்து பார்க்க இருக்கிறோம்.