டோன்வீலுக்குத் தமிழ்: சுரச்சில்லா, தொனிச்சக்கரமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

ஹாமண்ட் என்ற மின் ஆர்கனுக்குள் சுழன்று ஒலிக்கு மூலமாகும் சக்கரம்தான் டோன்வீல். அதற்குத் தமிழ்ச்சொல்லாக உங்களில் ஒருவர் எழுதியது:

> டோன்வீல் = சுரச்சில்லு. சின்னச் சொல், நாக்கிலும் நன்றாக உருள்கிறது. முடித்துவிடலாமே?

முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் இதை எழுதிய யாழ்ப்பாண நண்பரின் ஊரில் சில்லு என்றால் சக்கரம். சைக்கிள் சில்லு, வண்டிச் சில்லு. எங்கள் பக்கம் சில்லு என்றால் தேங்காய்ச் சில்லு, உடைந்த ஓட்டுச் சில்லு, கணினிக்காரர்களுக்கு சிலிக்கான் சில்லு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1935இல் விற்பனைக்கு வந்த ஹாமண்ட் ஆர்கனுக்குள் சுழன்றது அவருடைய சில்லு. இன்று அதைப் பார்த்துச் செய்கிற டிஜிட்டல் கருவிக்குள் இருப்பது நம்முடைய சில்லு! "சில்லு ஆர்கனை மாடிக்குக் கொண்டுபோனேன்" என்று நான் எழுதினால், அவர் நாலு பேரைக் கூட்டி ஏறத்தாழ 190 கிலோ மரப்பெட்டியை ஏற்றியதாக நினைப்பார். நீங்கள் தோளில் மாட்டிக்கொண்டு படியேறியதாக நினைப்பீர்கள். அசலும் நகலும் ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டால் கலைச்சொல் எதற்கு?

இரண்டையும் வாசிப்பவன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஞாயிறு காலை சிகாகோவில் ஒரு தேவாலயத்தில் பழைய ஹாமண்ட் பி-3 ஆர்கன். சனி இரவு கல்யாண வரவேற்புகளில் பத்து கிலோகூட இல்லாத டிஜிட்டல் கருவி.

பி-3ஐ உயிர்ப்பிக்க இரண்டு சுவிட்சுகள். முதல் சுவிட்சைச் சில விநாடிகள் பிடித்திருக்க வேண்டும். உள்ளே மோட்டார் வேகம் பிடிக்கும் உறுமல் கேட்கும். அப்புறம் இரண்டாவதையும் போட்டு, கொஞ்சம் பொறுத்து முதலாவதை விடவேண்டும். இப்போது 91 எஃகுச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, நான் கட்டையை (வாசிக்கும் விசையை) தொடாமலே. ஒவ்வொன்றின் விளிம்பிலும் அலை அலையாக மேடுகள், பக்கத்தில் கம்பி சுற்றிய காந்தம். மேடு கடக்கும்போதெல்லாம் கம்பிச்சுருளில் மின்னோட்டம் எழுகிறது. கட்டையை அமுக்குவது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொனிக்குக் கதவைத் திறப்பதுதான்.

அதனால்தான் "சுரம்" எனக்கு உறுத்துகிறது. ஒரு கட்டைக்கு ஒரு சக்கரம் என்பது கணக்கே இல்லை. ஒலியில் எந்தத் தொனி எவ்வளவு கலக்க வேண்டும் என்று இழுத்து அமைக்க ஒன்பது இழுகோல்கள் இருக்கின்றன (டிராபாருக்கு இழுகோல் என்று போன மாதமே ஒத்துக்கொண்டோம், அதை மறுபடி கிளறவேண்டாம்). மூன்றை இழுத்துவைத்து ஒரு கட்டையைத் தொட்டால் மூன்று சக்கரங்கள் சேர்ந்து பேசும். ஸி கட்டைக்கு மூன்றாவது சீரிசையாக (ஹார்மோனிக்காக) வருகிற அதே சக்கரம், மேலே இருக்கும் ஜி கட்டைக்கு அடிப்படைத் தொனி. ஒரே ஆள் இங்கே பஞ்சமம், அங்கே சட்ஜம். அவரைப் போய் சுரம் என்று எப்படி அழைப்பது? தொனி என்றால் பொருந்துகிறது. ஆங்கிலச் சொல்லோடு ஓசை ஒத்துப்போவது கூடுதல் லாபம். "சுருதி"யைச் சொன்ன நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. சுருதி என்றால் நமக்குத் தம்புரா, பெட்டி, கட்டை எண். அந்த வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்.

சரி, சொல்லின் பின்பாதி. இன்னொருவர் எழுதியிருந்தார்:

> சக்கரம் வேண்டாம். 72 மேளகர்த்தாக்களையும் 12 சக்கரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இசை மாணவர் குழம்புவார். தொனிவட்டு என்று வைக்கலாம்.

இந்து சக்கரம், நேத்திர சக்கரம் எல்லாம் பாடமாக்கிய நான் ஒருமுறைகூடக் குழம்பவில்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன். வட்டில் எனக்குள்ள சிக்கல் வேறு. வட்டு என்பது வடிவத்தைச் சொல்கிறது, சுழற்சியைச் சொல்லவில்லை. இங்கே உயிரே சுழற்சியில்தான். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த மோட்டார் விநாடிக்கு 20 சுற்று. 88க்கு 64 என்ற பல்விகிதத்தில் ஒரு தண்டு 27.5 சுற்றாகிறது. அதில் 16 மேடுள்ள சக்கரம் மாட்டினால் 440. அதுதான் ஏ என்ற சுரம். காகிதத்தில் போட்டுப் பாருங்கள், மீதியில்லாமல் வரும். இதே பெட்டியைச் சென்னைக்குக் கொண்டுபோய், மின்னழுத்தத்தை மட்டும் சரிசெய்து 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால்? 440 என்பது சுமார் 367 ஆகிவிடும். மொத்த ஆர்கனும் மூன்று அரைச்சுரத்துக்குமேல் கீழே இறங்கி உட்கார்ந்துவிடும். பாடகர் நம்மைத் தேடுவார். என் டிஜிட்டல் கருவிக்கு இந்தக் கவலை கிடையாது, எந்த ஊர் மின்சாரத்திலும் ஏ என்றால் 440தான். இந்த வேறுபாட்டைச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

"பல்சக்கரம்" கூடாது. அந்தப் பெட்டிக்குள் நிஜப் பல்சக்கரங்கள் தனியாக இருக்கின்றன, மேலே சொன்ன 88ம் 64ம் அவைதான். "தொனியாழி" அழகு (ஆழி என்றாலும் சக்கரம்தான்), ஆனால் ஆர்கன் பழுது பார்ப்பவரிடம் "ஆழிக்கு எண்ணெய் விட்டீர்களா" என்று கேட்க எனக்குத் துணிவில்லை. என் வாக்கு தொனிச்சக்கரத்துக்கு. பதிவுக்கான வரைவு:

தொனிச்சக்கரம்: மேடுகள் கொண்ட விளிம்புடன் காந்தச்சுருள் ஒன்றின் அருகே சுழன்று, வேகத்துக்கும் மேடுகளின் எண்ணிக்கைக்கும் ஏற்ற அலைவெண்ணில் மின்னோட்டம் எழுப்பும் எஃகு வட்டு.

ஆமாம், விளக்கத்தில் வட்டு வந்துவிட்டது. அவருக்கும் ஒரு பங்கு.

இனி நகல் கருவிகளுக்கு என்ன பெயர் என்ற கேள்வி. "போலி" என்று ஒருவர் எழுதியதும் பலர் பாய்ந்துவிட்டீர்கள். போலி மருந்து, போலிச் சான்றிதழ் வரிசையில் என் கருவியை நிறுத்த எனக்கும் மனமில்லை. ஆனால் நன்னூல் போலியை நினைத்துப் பாருங்கள். அறம் என்ற இடத்தில் அறன், நிலம் என்ற இடத்தில் நிலன். எழுத்து மாறியும் பொருள் மாறவில்லை. சனிக்கிழமை மேடையில் நடப்பது அதுதான். இந்தக் கருவிகள் குறையைக்கூட விடுவதில்லை. பி-3இல் பெர்கஷனை (கட்டையைத் தொட்டதும் எழுந்து மங்கும் தட்டொலியை) போட்டால் ஒன்பதாவது இழுகோல் ஊமையாகிவிடும், அதன் மின்தொடுப்பைப் பெர்கஷன் கடன் வாங்கிக்கொள்வதால். டிஜிட்டலில் கடன் வாங்க எந்த அவசியமும் இல்லை. இருந்தும் பல கருவிகளில் அதே இழுகோல் அதே நேரத்தில் ஊமையாகிறது! ஒரு சக்கரத்தின் தொனி பக்கத்துக் கம்பியில் கசிவதையும் கணக்குப் போட்டுக் கலக்கிறார்கள், அதைக் கூட்டிக் குறைக்கத் திருகு வேறு. இதற்கு "நகல்" வறட்சியாக இருக்கிறது. "போலி" வேண்டாமென்றால் "நிகரி" என்று வைத்துக்கொள்ளலாம், தொனிச்சக்கர நிகரி. "சுழல் ஒலிபெருக்கி நிகரி" என்று, ஆர்கனோடு சேர்த்து வைக்கும் லெஸ்லி என்ற சுழலும் ஒலிபெருக்கிப் பெட்டியின் நகலுக்கும் அதை நீட்டலாம். ஆனால் லெஸ்லி விஷயத்தில் நான் இன்னும் சமாதானமாகவில்லை. பெட்டிக்குள் ஒலிக்கொம்பு நிஜமாகவே சுழலும்போது சத்தம் சுவரில் பட்டுத் திரும்புகிறது. ஹெட்போனில் அந்தச் சுவர் இல்லை.

கடைசியாக, கட்டை தொடும்போது வரும் அந்த "டிக்". ஒவ்வொரு கட்டைக்கடியிலும் ஒன்பது மின்தொடுப்புகள் ஒரே கணத்தில் சேராததால் வருவது. ஹாமண்ட்காரர்கள் குறை என்று நினைத்தார்கள், ஜாஸ்காரர்கள் அது இல்லாமல் வாசிக்க மாட்டோம் என்றார்கள். "சொடுக்கு" என்பதைக் கணினி எலி பிடித்துக்கொண்டது. கட்டைச்சொடுக்கு என்று சேர்த்துச் சொன்னால் தப்பித்துவிடலாமா? மிருதங்கக்காரர்கள் யாராவது இருந்தால், விரல் தோலில் படும் அந்த முதல் நொடிக்கு உங்களிடம் ஒரு சொல் இருக்குமே, அதை அனுப்புங்கள்.