புதுப்பிப்பு: குட்டி மீகடத்தியில் சுழல் ஏன் நுழையவில்லை?

போன பதிவின் கேள்வி இது: மின்தடையே இல்லாத மீகடத்தியில் 100 நானோமீட்டர் பக்கமுள்ள சதுரப் படலம். காந்தப்புலம் இதற்குள் மெல்லிய இழைகளாக நுழையும், அந்த இழைதான் சுழல். ஓரியல் நீளம் (சுழலின் மையக்கருவின் அளவு) 10 நானோமீட்டர். 0.21 டெஸ்லா காந்தப்புலத்திலேயே ஒரு ஃப்ளக்ஸ் குவாண்டம் (ஒரு சுழல் சுமக்கும்) அளவு காந்தப் பாயம் அந்தப் பரப்பில் அடங்கிவிடும். பிறகும் சிமுலேஷனில் ஒரு சுழல்கூட உள்ளே வரவில்லை, ஏன்?

நிரலில் பிழை இல்லை. இயற்பியலாளர்கள் பீனும் லிவிங்ஸ்டனும் 1964-இல் சொன்ன விளிம்புத் தடைதான் காரணம். விளிம்புக்கு அருகே வரும் சுழலை அதன் எதிர்பிம்பம் (விளிம்புக்கு வெளியே இருப்பதாகக் கருதும் எதிர்ச்சுழல்) வெளியே இழுக்கிறது. வேலூர்க் கோட்டை அகழியைப் போல, உள்ளே இடமிருந்தாலும் தாண்டினால்தான் நுழைய முடியும். வெளியேறவும் தடை உண்டு. புலத்தைக் குறைத்த பிறகும் சுழல் தங்கிவிடுவது அதனால்தான். புலத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனியே ஓட்டிப் பாருங்கள்.

நுழைவுப் புலத்தைக் குறைக்க, ஒரு பக்கத்தின் நடுவில் 10 நானோமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு போதும். மூலையில் வெட்டாதீர்கள், அங்கே சுழலை உள்ளே தள்ளும் மின்னோட்டம் பலவீனம்.

இதே சிமுலேஷனை ஓட்டிய காட்பாடி நண்பருக்குச் சுழல் பாதி வழியில் நின்றுவிட்டதே, அது வேறு கதை. கட்ட இடைவெளி (கணக்கிடும் புள்ளிகளுக்கு இடையிலான தூரம்) 5 நானோமீட்டர் என்றால் கட்டமே சுழலைப் பிடித்துக்கொள்ளும். 2 நானோமீட்டருக்கு இறக்குங்கள். முந்தைய நொடியின் மதிப்புகளிலிருந்தே அடுத்ததைக் கணக்கிடும் நேரடி முறையில், ஒவ்வொரு முறையும் நகரும் நேர அளவான காலப்படி, கட்ட இடைவெளியின் வர்க்கத்தோடு சுருங்க வேண்டும். அதற்கேற்பக் குறைக்காவிட்டால் விடை வெடித்துவிடும். தொடக்க நிலையில் 1 சதவீதம் தற்செயல் இரைச்சலும் சேருங்கள். இல்லாவிட்டால் சதுரத்தின் சமச்சீரிலேயே தீர்வு மாட்டிக்கொள்ளும்.