வேலூர் சிஎம்சி பக்கத்துல நைனாவுக்கு ஒத்துக்கிற மாதிரி சின்ன சாப்பாட்டு கடை இருந்தா சொல்லுங்க

போளூர்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நைனாவை சிஎம்சிக்கு கூட்டினு வந்து 11 நாள் ஆகுது, பாபு ராவ் தெருவுல ஒரு லாட்ஜ்ல தங்கினு இருக்கோம், இன்னும் ரெண்டு வாரம் இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பிரச்சனை சாப்பாடுதான். வந்த அன்னைக்கு மெயின் ரோட்டுல பாக்க பெருசா இருந்த ஒரு ஹோட்டலுக்கு கூட்டினு போனேன், குருமா மேல எண்ணெய் அப்படியே மிதந்துச்சு, நைனாவுக்கு ராத்திரி பூரா வயிறு எரிச்சல். அன்னைலேர்ந்து ஹோட்டல்னாலே மூஞ்சை திருப்பிக்கிறாரு, பன்னும் டீயும்தான் ஓடுது. மத்தபடி மீன் சாப்பிடுவாரு, காரமும் எண்ணெயும் மட்டும் கம்மியா இருக்கணும்னு சொல்லி இருக்காங்க. தெருவுல பாதி கடை போர்டு பெங்காலில இருக்குது, அங்கெல்லாம் நம்மாளுங்க சாப்பிடலாமா? ரொம்ப செலவு பண்ற நிலைமை இல்ல.

தொரப்பாடி அக்கா:
தம்பி, தயங்காம அந்த பெங்காலி கடைக்கே போங்க. எங்க அம்மாவுக்கு ரெண்டு மாசம் ட்ரீட்மெண்ட் நடந்தப்போ மதியம் எல்லாம் அங்கதான் சாப்பிட்டோம். ஹவுராலேர்ந்து காட்பாடிக்கு நேரா ரயில் இருக்குது, பெங்கால், ஜார்க்கண்ட், அசாம்லேர்ந்தெல்லாம் மாசக்கணக்குல வந்து தங்குறாங்க, அந்த கடைங்க நோயாளிங்களை நம்பியே நடக்குது, அதனால சாதுவா சமைக்க அவங்களுக்கு தெரியும். "பாத்லா ஜோல்"னு கேளுங்க. பாத்லான்னா தண்ணியா இருக்கிறது, ஜோல்னா குழம்பு, மீன் போட்டது. மஞ்சக் கலர்ல ரசத்துக்கு கொஞ்சம் மேல இருக்கும், உருளைக்கிழங்கை நீட்டு நீட்டா வெட்டி போட்டிருப்பாங்க, சில நாள் வாழைக்காயோ பப்பாளிக்காயோ, கருஞ்சீரகம் மேலாப்ல நாலஞ்சு மிதக்கும், ஒரு பச்சமிளகாய் கீறி கெடக்கும், அதை எடுத்து ஓரமா வெச்சிட்டா காரமே தெரியாது. புளி, தேங்கா எதுவும் கிடையாது. மீனும் புதுசு இல்ல, நம்ம ஏரில விடுற ரோகு கட்லாதான். நடு முதுகு பீஸ்ல முள்ளு ஜாஸ்தி, பெரியவருக்கு வயித்து பக்கம் பீஸ் கேளுங்க, "பேட்டி"ன்னா குடுத்துடுவாங்க. மீனை கடுகு எண்ணெய்ல பொரிச்சுதான் குழம்புல போடுவாங்க, அந்த வாசனை முதல் நாள் ஒரு மாதிரி இருக்கும். ஒத்துக்கலைன்னா பருப்பு, சோறு, உருளைக்கிழங்கு மசிச்சது போதும்னு சொல்லிடுங்க. உக்காரும்போதே மீன் பீஸ் என்ன விலைன்னு கேட்டுக்குங்க, சாப்பாடு ஒரு விலை, மீன் தனி விலைன்னு சில இடத்துல இருக்கும். வார்டுல டயட்டீஷியன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

சத்துவாச்சாரி சேகர்:
அக்கா சொல்றது சரிதான், ஆனா போளூர்லேர்ந்து வந்த மனுஷனுக்கு வாய் ருசின்னு ஒண்ணு கீதே. பதினோரு நாளா பன்னு துன்னுக்கினு இருந்தா இன்னா ஆவுறது? காலைல களி கிடைக்கிற சின்ன கடைங்க இன்னும் இங்க கீது, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் விசாரிங்க. கேவுரு களி, கூட முருங்கக்கீரை இல்ல கருவாட்டு குழம்பு, உங்க நைனாவுக்கு கீரைதான் சரி. நொய்யை குழைய வேக வெச்சு, மாவை நடுவுல குமிச்சு துடுப்பால ஓட்டை போட்டு, கொதி மேல வந்து மாவு வெந்ததும் கிண்டணும், அவசரப்பட்டா உள்ள மாவு கட்டி நிக்கும், சாப்பிட்டவனுக்கு வயிறு கெடும். நல்ல கடைன்னா உருண்டையை புட்டா உள்ளயும் வெளியயும் ஒரே கலர், ஒரே பளபளப்பு. எங்க ஆயா அதை பாத்துட்டுதான் வாய்ல வைக்கும். முதல்ல நீங்க ஒரு வாய் சாப்பிட்டு பாத்துட்டு அப்புறம் அவருக்கு குடுங்க.

ஆம்பூர் ஆளு:
அண்ணா, நைனா சாப்பாடு அக்காவும் சேகர் அண்ணனும் சொல்லிட்டாங்க, நீங்க சாப்பிடுறீங்களா? கூட இருக்கிறவங்க விழுந்துட்டா யாரு பாத்துக்கிறது. ஒரு நாள் யாரையாவது பாத்துக்க சொல்லிட்டு மதியம் ஒரு சின்ன பிரியாணி கடைக்கு போங்க, சீரக சம்பா அரிசில போட்டதான்னு மட்டும் கேளுங்க. எங்க பக்கம் மிளகாத்தூள் போட மாட்டாங்க, காஞ்ச மிளகாயை ஊறவெச்சு அரைச்சு போடுவாங்க, அரிசியை முக்கா பதத்துல வடிச்சு கறியோட சேத்து தம்ல விடுவாங்க, அதனாலதான் மசாலா நெஞ்சை கரிக்காது. கூட வர்ற கத்திரிக்காயை விட்டுடாதீங்க. இங்க இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023ல புவிசார் குறியீடே குடுத்தாங்க, காம்புல முள்ளு இருக்கும், பாத்து உரிக்கணும், ஆனா புளி போட்டு சுண்ட வெச்சா வெண்ணெய் மாதிரி கரையும். 12 மணிக்கு போங்க, லேட்டா போனா அடி சோறுதான்.

போளூர்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டயட்டீஷியன் சரின்னுட்டாங்க, நேத்து மதியம் எங்க லாட்ஜுக்கு நாலு கடை தள்ளி இருக்கிற பெங்காலி கடைக்கு கூட்டினு போனேன். மொத்தமே அஞ்சு டேபிள். கடுகு எண்ணெய் வாசனைக்கு நைனா வாசல்லயே நின்னுட்டாரு, நான் கையை புடிச்சு உள்ள உக்கார வெச்சேன். எதிர்ல ஒரு பெரியவர், பெங்கால்ல இருக்கிற மால்டாலேர்ந்து வந்தவராம், அவருக்கும் இங்கதான் வைத்தியம். நைனா மீனை எப்படி எடுக்கிறதுன்னு முழிச்சுக்கினு இருக்கும்போது அவர் தன் தட்டுல பீஸை திருப்பி வெச்சு, கட்டை விரலால அழுத்தி முள்ளு வரிசையை அப்படியே ஒரே இழுப்புல எடுத்து காட்டினாரு. ரெண்டு பேருக்கும் பாஷை தெரியாது. நைனாவும் அதே மாதிரி எடுத்து, முழு பீஸும் சாப்பிட்டு, ரெண்டாவது தடவை சோறு கேட்டாரு, அண்ணா, வந்ததுலேர்ந்து முதல் தடவை. ராத்திரி எரிச்சல் எதுவும் இல்ல.

இன்னைக்கு 12 அடிக்கிறதுக்கு முன்னாடியே சட்டை மாத்திக்கினு உக்காந்துட்டாரு, அந்த மால்டா பெரியவர் வருவாரான்னு கேக்குறாரு. சேகர் அண்ணா, அந்த களி கடை காலைல எத்தனை மணிக்கு தொறப்பாங்க? வியாழக்கிழமை ஸ்கேன் இருக்கு, அதுக்கு முன்னாடி ஒரு நாள் அவருக்கு வாங்கி குடுக்கணும்.