புதுப்பிப்பு: சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு வரும் மருவும் தோல் புற்றும்

சிறுநீரகம் மாற்றியவர்கள் கையில் வரும் மருவை அலட்சியம் செய்யாதீர்கள் என்று போன பதிவில் எழுதியிருந்தோம். குளச்சலிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "மருவெல்லாம் புற்றா? மாத்திரையை நிறுத்தினா போயிருமா?"

எல்லா மருவும் புற்றல்ல. ஆனால் மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ்களில் சில, வெயிலில் சிதைந்த டிஎன்ஏவைத் தோல் செல் சரிசெய்ய விடாது. கெட்ட செல் தானாக மடியவும் விடாது. மாற்றிய சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமலிருக்க மாத்திரையால் எதிர்ப்புச் சக்தியை அடக்கியிருப்பதால் உடலும் அதைக் களையாது. அந்த மாத்திரைகளில் ஒன்றான அசாதியோபிரின் சாப்பிட்டால் தோல் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம் கெடும்.

கிள்ளிப் பாருங்கள். அடி கெட்டியாக இருந்தாலோ, தொட்டால் வலித்தாலோ, பொருக்கு உதிர்ந்து ரத்தம் கசிந்தாலோ, 4 வாரத்தில் ஆறாவிட்டாலோ திசுச் சோதனை வேண்டும். சுண்ணாம்பு வைத்துக் கரிக்காதீர்கள். மேல்தோல் வெந்துவிடும், அடியில் உள்ளது வளர்ந்துகொண்டே போகும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் சிறுநீரகமே போய்விடும். சிரோலிமஸ் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு திருத்தம்: தோல் புற்று வரும் இடங்கள் என்று போன பதிவில் வெயில் படும் இடங்களை மட்டும் சொன்னது எங்கள் தவறு. கறுத்த தோலில் பிறப்புறுப்பு, ஆசனவாய் ஓரத்திலும் வரும். தயவுசெய்து வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். காலில் ஊதாத் திட்டு என்றால் எச்எச்வி-8 என்ற வைரஸால் வரும் கப்போசி சார்கோமா என்ற புற்றா என்று பார்க்க வேண்டும். வலியில்லாமல் வேகமாக வளரும் சிவந்த கட்டி, மெர்க்கல் செல் புற்று என்ற அரிய தோல் புற்றாக இருக்கலாம். அதில் பெரும்பாலும் காணப்படும் வைரஸ் 2008இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

வள்ளத்தில் போகிறவர்களுக்குத் தொப்பி மட்டும் போதாது. தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் கீழுதட்டையும் தாடையின் அடியையும் தாக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள். எஸ்பிஎஃப் 30 உள்ள வெயில் தடுப்புக் கிரீமை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுங்கள், உதட்டுக்கும் சேர்த்து.