அலாய் வீல் போட்டதும் பிக்கப் குறைந்துவிட்டது, உதவுங்கள்

வேளச்சேரி ரைடர்:
வணக்கம் அண்ணா. என்னுடையது 150 சிசி வண்டி. போன மாதம் ஸ்போக் வீலைக் கழற்றிவிட்டு, புதுப்பேட்டையில் ஒரு ஜோடி அலாய் வாங்கிப் போட்டேன். "வெயிட் கம்மி, பிக்கப் பிச்சுக்கும்" என்றார் கடைக்காரர். பின்னால் 100/90-17 டயர் இருந்த இடத்தில் அதைவிட அகலமான 120/80-17 டயரும் மாட்டினேன். இப்போது கத்திப்பாரா மேம்பாலத்தில் நாலாவது கியரில் ஏறிய வண்டி, மூன்றுக்கு இறங்கினால்தான் ஏறுகிறது. 48 கொடுத்த மைலேஜ் 42 ஆகிவிட்டது. ஆக்சிலேட்டரை விட்டால் உருளாமல் சட்டென்று வேகம் குறைகிறது. செயின், பிளக், காற்று எல்லாம் பார்த்தாயிற்று.

டிராக் பித்தன்:
தம்பி, வீலை எடை போட்டுப் பார்த்தீர்களா? அலாய் என்றாலே எடை குறைவு என்று நம்பிவிடக் கூடாது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் வார்ப்பு அலுமினியம். உடையாமல் இருக்கத் தடிமனாக வார்ப்பார்கள், அதனால் ஸ்போக்கை விடக் கனமாக இருப்பதும் உண்டு. ரேஸ் வண்டிகளில் போடுவது ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்து உருவாக்கிய) அலுமினியம், மெக்னீசியம். அதன் விலையே வேறு.

எடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். ரிம்மிலும் டயரிலும் ஒரு கிலோ கூடினால், அதை முன்னே தள்ளவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். வேகம் எடுக்கும்போது அது கிட்டத்தட்ட இரண்டு கிலோவுக்குச் சமம். வீலின் நடுவில் இருக்கும் ஹப்பில் கூடினால் அவ்வளவு தெரியாது. உங்கள் டயர் உயரமும் சுமார் 2 சதவீதம் கூடியிருக்கிறது, எல்லா கியரிலும் அந்த அளவுக்கு இழுவை குறையும்.

ஆனால் இதெல்லாம் சேர்ந்தும் மைலேஜில் 6 போகாது. கனமான வீல் சுற்ற ஆரம்பித்துவிட்டால் நிற்கத்தான் நேரமெடுக்கும். உங்கள் வண்டி சீக்கிரம் நிற்கிறது என்றால் எங்கேயோ பிடிக்கிறது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின் வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

வேளச்சேரி ரைடர்:
அண்ணா, ஒன்றரைச் சுற்றில் நின்றுவிட்டது! 'சர்க் சர்க்' என்று உரசுகிற சத்தம். கிண்டி வரை போய் வந்து பார்த்தால், பின் டிரம் பிரேக் பக்கம் கையைக் கொண்டுபோகும்போதே அனல் அடிக்கிறது. வீல் மாட்டியவர் பிரேக் ராடு நட்டை இறுக்கி வைத்திருக்கிறார். தளர்த்தி, பெடல் ப்ளே (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் அளவு) சரி செய்தேன். இப்போது தாராளமாகச் சுற்றுகிறது. பழைய பேப்பர் கடைத் தராசில் எடையும் போட்டேன். பின் வீல் டயரோடு பழையது 10.2 கிலோ, புதியது 12.1.

அடையாறு அக்கா:
அந்த 1.9 கிலோவை பிக்கப்பில் மட்டும் தேடாதே தம்பி. வீல் லேசாக இருந்தால் வண்டி வளைவில் சுலபமாகச் சாயும், மேடு பள்ளத்தில் சஸ்பென்ஷன் டயரைத் தரையோடு வைத்திருக்கும். எனக்கு அதுதான் பெரிய லாபம். ஆனால் மலிவாகவும் லேசாகவும் இருக்கிற அலாயை நம்பாதே. போன மழையில் தண்ணீருக்குள் இருந்த பள்ளத்தில் இறக்கிவிட்டேன். அப்புறம் இரண்டு நாளுக்கு ஒருமுறை காற்று இறங்கியது. சோப்புத் தண்ணீர் ஊற்றினால் ரிம் ஓரத்தில், முடி அளவு விரிசலிலிருந்து நுரை வந்தது. ஸ்போக் வீலாக இருந்தால் கோணியிருக்கும், கோட்டம் எடுத்து ஓட்டியிருப்பேன். உன்னுடையதையும் வெயிலில் வைத்து ஓரம் முழுக்கப் பார்த்துவிடு.

வேளச்சேரி ரைடர்:
பார்த்துவிட்டேன் அக்கா, விரிசல் இல்லை. நேற்று 100/90 டயரையே திரும்பப் போட்டேன். இன்று காலை கத்திப்பாராவில் நாலாவது கியரிலேயே ஏறியது. மிக்க நன்றி அண்ணா, அக்கா.