புதுப்பிப்பு: லிங்கன் பிறந்த மரவீடு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஹாட்ஜன்வில் அருகே நினைவு மண்டபத்துக்குள் வைத்திருக்கும் மரவீட்டில்தான் ஆபிரகாம் லிங்கன் பிறந்தார் என்று போன வாரம் எழுதியிருந்தேன். தப்பு. நிலம் அதேதான், வீடுதான் வேறு.

2004இல் அந்தக் கட்டைகளின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தார்கள். இருப்பதிலேயே பழைய கட்டை 1848ஆம் ஆண்டுக்காரனாம்! லிங்கன் பிறந்தது 1809இல். 1848இல் அவர் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினராகி வாஷிங்டனில் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் இது யார் வீடு? 1894இல் அந்தப் பண்ணையை வாங்கிய ஆல்ஃபிரட் டென்னெட், அக்கம்பக்கத்தில் இருந்த பழைய வீட்டுக் கட்டைகளைக் கொண்டுவந்து ‘லிங்கன் வீடு’ கட்டினார். 1897இல் நாஷ்வில் பொருட்காட்சிக்கும் அது போனது. அங்கே இன்னொரு மரவீடும் இருந்தது: பிரிந்துபோன தென் மாநிலங்களின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் பிறந்ததாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் எதிரெதிரே நின்ற இருவரின் ‘வீடுகளும்’ பிறகு ஒரே கிடங்கில் கிடந்து கட்டைகள் கலந்துபோனதுதான் வேடிக்கை.

மண்டபம் 1911இல் தயாரானது. அதற்குள் வீடு பெரிதாகத் தெரியவே, கட்டைகளை வெட்டிச் சிறிதாக்கினார்கள். சட்டைக்குத் தக்கபடி ஆளை வெட்டிய கதை.

உண்மையான வீட்டில் அப்பா தாமஸ், அம்மா நான்சி, மகள் சாரா, கைக்குழந்தை ஆபிரகாம் நால்வரும் இருந்தது கொஞ்ச காலம்தான். நில உரிமைத் தகராறில் 1811இல் நாப் கிரீக்குக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.